கோகர்ணக் கரையில் ஒரு மார்கழிப் பகல்

பள்ளி ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவர்களை ஒரு பழக்கம் எளிதில் விட்டுவிடுவதில்லை. பேருந்தில் ஏறி அமர்ந்ததும் தலைகளை எண்ணும் பழக்கம் அது. சுற்றுலா சென்ற இடங்களிலெல்லாம் நம் கண் முதலில் தேடியது கோபுரத்தையும் அன்று, அருவியையும் அன்று. நாற்பது தலைகளும் இருக்கின்றனவா என்பதைத்தான். கடற்கரை என்றால் அச்சம் இரட்டிப்பாகும். கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்கக் கூடாது என்று கட்டளையிட்டு, முதுகைக் கடலுக்கும் முகத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டியபடியே நம் காலம் சென்றது. மாமல்லபுரம், இராமேசுவரம், கன்னியாகுமரி என எத்தனையோ கரைகளுக்குப் போயும், கடலை ஆற அமர நின்று பார்த்ததில்லை.

பணி ஓய்வுக்குப் பின் வந்த முதல் மார்கழியில் அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள எண்ணினோம். ஒரு முழுப் பகல், ஒரு கடலோரம், உடன் எவரும் இல்லாத நடை. மங்களூரில் பணியாற்றும் மகளிடம் இதைச் சொன்னபோது, "தனியாகவா அம்மா?" என்றுதான் முதலில் கேட்டாள். நாற்பது பிள்ளைகளை அழைத்துப் போனவளுக்குத் தன் ஒருத்தியை அழைத்துப் போகத் தெரியாதா என்று சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு உரிய விடையை அன்று பிற்பகலில் ஒரு பாறை சொல்லித் தந்தது.

ஏன் கோகர்ணம்?

கர்நாடக மாநிலத்தின் வட கன்னட மாவட்டத்தில், அரபிக் கடலோரம் அமைந்த ஊர் கோகர்ணம். தமிழ்நாட்டவர்க்கு இது அயலூர் அன்று. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பதிகம் பாடிய தலம் இது. தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் துளுவ நாட்டுக்கு உரியதாக எண்ணப்படுவது இது ஒன்றே. புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணம் வேறு. இது மேலைக் கடற்கரைக் கோகர்ணம்.

நடப்பவர்க்கு இவ்வூரில் வேறொரு சிறப்பும் உண்டு. நம் சோழ மண்டலக் கரை பெரும்பாலும் நேர்கோடாக நீண்டு கிடப்பது. மேற்குக் கரையிலோ குன்றுகள் கடலுக்குள் விரல்களைப் போல நீண்டு இறங்குகின்றன. இரு விரல்களுக்கு இடையே ஒரு சிறு விரிகுடா. அதன் வளைவில் ஒரு மணற்கரை. கோகர்ணத்திலிருந்து தெற்கே இவ்வாறு ஐந்து கரைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஊரை ஒட்டிய பெரிய கரை முதலாவது. அடுத்து குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ். ஒரு கரையிலிருந்து அடுத்ததற்குச் செல்ல ஒவ்வொரு முறையும் ஒரு குன்றின் தோளில் ஏறி இறங்க வேண்டும். கடைசிக் கரை வரை ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 அல்லது 7 கிலோமீட்டர். தொலைவாகப் பார்த்தால் சிறியது. ஏற்ற இறக்கமும் வெயிலும் பாறையும் சேர்ந்து அதை ஒரு பகற்பொழுதின் வேலையாக்கிவிடுகின்றன.

முந்தைய நாள் மங்களூரிலிருந்து கொங்கண் ரயிலில் கும்டாவுக்கு வந்து தங்கினோம். 1998 ஜனவரி 26 அன்று முழுமையாகத் திறக்கப்பட்ட இந்தப் பாதை, ஒருபுறம் சகியாத்திரி மலைகளும் மறுபுறம் கடலும் தொடர்ந்து வரச் செல்வது. ஹொன்னாவரத்தில் சராவதி ஆற்றின் குறுக்கே அமைந்துள்ள இப்பாதையின் மிக நீண்ட பாலம் 2 கிலோமீட்டருக்கும் சற்று மிகுதி. அதைக் கடக்கையில் பெட்டியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

ஒரு பகலின் வரவு செலவு

தனியே நடப்பவர் வீட்டை விட்டுப் புறப்படும் முன் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று கதிரவன் கணக்கு, மற்றொன்று கடல் கணக்கு.

சென்னைக்கும் கோகர்ணத்துக்கும் ஏறத்தாழ 6 பாகை தீர்க்கரேகை வேறுபாடு. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பது பள்ளியில் நாமே நடத்திய பாடம். ஆகவே சென்னையை விட இங்கே பொழுது ஏறத்தாழ 24 நிமிடம் தாமதமாக விடிகிறது. அவ்வளவே தாமதமாக அடைகிறது. டிசம்பர் இறுதியில் ஏழு மணிக்குச் சற்று முன்பு உதயம். ஆறு மணிக்குச் சற்றுப் பின்பு மறைவு. பதினோரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பகல் நம் கையில் இருக்கும் மொத்த வரவு.

கடலோ ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்ற நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகுதி. அட்டமியை ஒட்டி இரண்டும் குறைவு. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நம் நாட்காட்டிகள் ஒதுக்கும் அட்டமி, கடலோரம் நடப்பவர்க்கு ஏற்ற நாள். நாம் தேர்ந்ததும் அதை ஒட்டிய ஒரு நாளே. அன்று காலை பதினோரு மணியளவில் நீர் மிகத் தாழ்ந்து, மாலை ஐந்து மணியளவில் மிக உயரும் என்பது அட்டவணைக் கணக்கு.

இவ்விரண்டையும் வைத்து ஒரு தாளில் எழுதினோம்: எங்கே இருந்தாலும் இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும். மூன்று மணிக்கு மகளுக்குத் தொலைபேச வேண்டும். ஐந்தரைக்குள் ஊரை அடைய வேண்டும். எஞ்சும் நாற்பது நிமிட வெளிச்சம் கையிருப்பு. அதைத் தொடக் கூடாது. தாளைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினோம். "சரி அம்மா" என்று பதில் வந்தது. அதன் கீழேயே, "மூணு மணி, மறக்காதீங்க" என்றும் வந்தது.

ஊரும் முதற் கரையும்

ஆறரை மணிப் பேருந்தில் ஏறியவர்களில் பாதிப்பேர் மீன் கூடைகளோடு இருந்த பெண்கள். வழியில் அகநாசினி ஆற்றின் கழிமுகச் சமவெளி விரிந்தது. இப்பகுதியில் உப்பு நீர் புகும் வயல்களில் 'கக்க' எனும் நெல்வகை மழைக்காலத்தில் விளைகிறது. உப்பைத் தாங்கி வளரும் பயிர் அது. கோகர்ணத்தை அடுத்த சாணிகட்டாவில் உப்பளங்கள் உள்ளன. மழை ஓய்ந்து காய்ச்சல் வந்த பின்பே அங்கு வேலை தொடங்கும். ஒரே நீர் ஓரிடத்தில் நெல்லுக்கும் மற்றோரிடத்தில் உப்புக்கும் பயன்படுவதைப் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்த்தோம்.

கோகர்ணத்தின் தேர்த்தெரு குறுகலானது. இருபுறமும் ஓட்டு வீடுகள், பூக்கடைகள், பித்தளைப் பாத்திரக் கடைகள். மகாபலேசுவரர் கோயிலில் வழிபட்டுவிட்டுக் கரைக்கு நடந்தோம். இத்தலக் கதை பலர் அறிந்ததே. சிவபெருமானிடம் ஆன்மலிங்கத்தைப் பெற்ற இராவணன், இலங்கை சேரும் வரை அதைத் தரையில் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. இங்கே வரும்போது அந்திப்பொழுது ஆகிவிட்டது. சந்தியாவந்தனம் செய்ய வேண்டும். அருகில் நின்ற சிறுவனிடம் லிங்கத்தைக் கொடுத்தான். சிறுவனாக வந்திருந்த விநாயகர் மூன்று முறை அழைத்துப் பார்த்து அதைத் தரையில் வைத்துவிட்டார். பெயர்த்தெடுக்க முயன்ற இராவணனின் கைகளில் அது பசுவின் காதுபோல் முறுக்கிக்கொண்டதால் ஊருக்குக் கோகர்ணம் என்று பெயர். அத்தனை வலிமை உடையவனும் மாலைப் பொழுதுக்குக் கணக்கு வைக்கத் தவறினான் என்று நமக்கு அன்று தோன்றியது.

எட்டரை மணி. நிலத்திலிருந்து கடலை நோக்கி இளங்காற்று. குளிர்காலக் காலையில் நிலம் கடலை விடக் குளிர்ந்திருப்பதால் காற்று இத்திசையில் வீசுகிறது. நண்பகலுக்குப் பின் நிலம் சூடேறியதும் அது திசை மாறும். நீர் வற்றிக்கொண்டிருந்த ஈர மணலில் கால் புதையவில்லை. எங்கு நோக்கினும் கடுகளவு மணல் உருண்டைகள் கதிர்க் கோடுகளாகப் பரவிக் கிடந்தன. அவை விரல்நக அளவே உள்ள நண்டுகளின் வேலை. மணலை வாயிலிட்டு, அதில் ஒட்டிய உணவுத்துகளை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை உருண்டையாக்கித் தள்ளுகின்றன. அடுத்த ஏற்றம் அத்தனையையும் அழித்துவிடும். நீர் வற்றியதும் அவை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

செம்புராங்கல் மேடு

கரையின் தென்கோடியில் இராமர் கோயில். அதன் அருகே பாறையிலிருந்து நன்னீர் ஊற்று வழிகிறது. குப்பியை நிரப்பிக்கொண்டு படிகளில் ஏறினால் குன்றின் மேற்பரப்பு மேசைபோல் தட்டையாக விரிகிறது. தரை முழுதும் துளைகள் நிறைந்த சிவந்த கல். இதுவே செம்புராங்கல். இக்கரையில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. நெடுங்காலப் பெருமழை பாறையிலிருந்த கரையும் பொருள்களைக் கழுவிக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் எஞ்சிச் சிவந்து இறுகிய கல் இது. வெட்டும்போது மென்மையாக இருந்து காற்றுப் பட்டதும் கெட்டிப்படுவதால், இப்பகுதி வீடுகளுக்குச் செங்கல்லாக உதவுகிறது. தென்னிந்தியாவில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளியிட்ட நூலில், செங்கல் எனும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து இதற்கு 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். இன்று உலகம் முழுவதும் இக்கல்லுக்கு வழங்கும் பெயர் நம் மேலைக் கரையில் பிறந்ததே.

ஆடி, ஆவணியில் பச்சைப் போர்வை போர்த்தும் இந்த மேடு மார்கழியில் பொன்னிறப் புல்லாகக் காய்ந்திருந்தது. நிழல் என்று ஒரு மரமும் இல்லை. பாதையில் வேறு எவரும் இல்லை. மாணவர் வரிசையின் கடைசியில் யார் பின்தங்குகிறார் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் நம்மை இருமுறை திரும்ப வைத்தது. மூன்றாம் முறை திரும்பாமல் நடந்தோம். அப்போதுதான், வெகு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தும் நாம் கவனியாத ஓசையாக, கீழே அலை பாறையில் மோதுவது செவியில் விழுந்தது.

குட்லே கரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள வளைவு. உயிர்காப்பாளர் ஒருவர் ஊதுகுழலுடன் நின்றிருந்தார். அலைகள் வரிசையாக வெண்நுரை தள்ளி வருமிடத்தில், இடையே ஒரு பகுதி மட்டும் நுரையின்றிக் கருத்து அமைதியாகத் தோன்றியது. அதைச் சுட்டி, "அங்கே இறங்க வேண்டாம்" என்றார். அமைதியாகத் தோன்றும் அவ்வழியேதான் கரைக்கு வந்த நீர் மீண்டும் கடலுக்கு விரைகிறது. அந்த இழுநீரில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியேறிய பின்பே கரை திரும்ப வேண்டும். நாற்பது பிள்ளைகளோடு இதைத் தெரியாமலே எத்தனை கரைகளுக்குப் போயிருக்கிறோம் என்று எண்ணியபோது, கழிந்துபோன காலத்துக்காக ஒரு நடுக்கம் வந்தது.

ஓம் வடிவக் கரை

மீண்டும் ஒரு குன்று ஏறி இறங்கினால் ஓம் கரை. இரண்டு அரைவட்ட விரிகுடாக்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்க, நடுவே பாறைக்கூட்டம் கடலுக்குள் நீள்கிறது. மேலிருந்து நோக்கினால் நாகரி எழுத்தில் எழுதிய 'ஓம்' போலத் தோன்றுவதால் இப்பெயர். பதினொன்றேகாலுக்கு அங்கே சேர்ந்தோம். நீர் முழுதும் வற்றி, பாறைகளின் பாசி படிந்த அடிப்பகுதி வெளியே தெரிந்தது. பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் சிறு மீன்கள் அடுத்த ஏற்றத்துக்காகக் காத்திருந்தன. வானில் செம்பருந்துகளும், அவற்றுக்கு மேலே அகன்ற சிறகுடன் வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்றும் வட்டமிட்டன.

மணலை ஒட்டிய சிறு கடையில் சோறும் மீன் சாறும் உண்டோம். பணம் தர கைப்பேசியை எடுத்தால் சைகை இல்லை. குன்றுகள் சூழ்ந்த இவ்விரிகுடாக்களில் அது வருவதும் போவதுமாக இருக்கும் என்றார் கடைக்கார அம்மாள். சேலைத் தலைப்பில் சில்லறை நோட்டுகளை முடிந்துவைக்கும் நம் பாட்டியார் வழக்கம் அங்கே கைகொடுத்தது.

இரண்டு மணி

ஓம் கரையின் தென்கோடியிலிருந்து மரங்கள் அடர்ந்த சரிவில் ஒற்றையடிப் பாதை செல்கிறது. அரைமணி நடையில் ஹாஃப் மூன் கரை. அரைநிலா போன்ற சிறு வளைவு, சில குடில்கள், கரையில் இழுத்துவைத்த இரண்டு படகுகள். அங்கே அரைமணி நேரம் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தோம். ஓய்வு பெற்ற பின்னரும் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததாக நினைவில்லை.

ஒன்றரை மணிக்கு எழுந்தோம். ஐந்தாவது கரையான பாரடைஸ், அடுத்த முனையைத் தாண்டினால் வந்துவிடும். அங்கே செல்லும் வழி சிறிது தூரம் அலைவாய்ப் பாறைகளின் மேல் தாவிச் செல்வது. காலையில் உலர்ந்திருக்கக்கூடிய பாறைகள் அப்போது பாதி நனைந்திருந்தன. காற்றும் திசை மாறிக் கடலிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. மணி ஒன்று நாற்பது. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதே என்றது மனம். போனால் முக்கால் மணி ஆகுமே என்றது கணக்கு. இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரே ஒரு கரையை விடுவதா என்றது மீண்டும் மனம். உடன் ஒருவர் இருந்தால் இவ்வாதத்தை அவரோடு நடத்தியிருப்போம். தனியே இருக்கையில் இரு தரப்பும் நாமே, தீர்ப்பும் நாமே. பெரும்பாலும் ஆசையின் பக்கமே தீர்ப்பு சாயும்.

பத்துப் பன்னிரண்டு பாறைகளைக் கடந்திருப்போம். பாசி படிந்த ஒன்றின் மேல் கால் வழுக்கியது. விழவில்லை, கையை ஊன்றிக்கொண்டோம். உள்ளங்கை சிராய்ந்தது. தோள்பையிலிருந்த தண்ணீர்க் குப்பி நழுவி இரு பாறைகளின் இடுக்கில் உருண்டு, உள்ளே புகுந்த அலையில் எழும்பி மோதி மறைந்தது. அது எழுப்பிய ஒலி சிறியதுதான். குப்பிக்குப் பதிலாக நம் கால் அந்த இடுக்கில் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மனம் தானாகவே முழுதும் காட்டிவிட்டது. சைகை இல்லாத கைப்பேசி, ஏறிவரும் நீர், மூன்று மணிக்கு அழைப்பை எதிர்பார்த்து மங்களூரில் ஒருத்தி.

சற்றுத் தள்ளித் தூண்டிலோடு அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கைகாட்டிக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். 'நீரு' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அப்போது நமக்குள் எழுந்த கேள்வி இதுதான்: நாற்பது பிள்ளைகளில் ஒருவன் இந்தப் பாறை வரை வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? ஊதுகுழலை ஊதி, பெயர் சொல்லி அழைத்து, கையைப் பிடித்து மணலுக்கு இழுத்து வந்திருப்போம். அவன் எவ்வளவு கெஞ்சினாலும் இணங்கியிருக்க மாட்டோம். பிறர் வீட்டுப் பிள்ளைக்குக் காட்டிய அக்கறையை நம் பொருட்டு நாமே காட்ட ஏன் தயங்குகிறோம்? தனியே போகத் தெரியாதா என்று மகளிடம் சிரித்தோமே. போகத் தெரிவது வேறு, தன்னையும் ஒரு பொறுப்பாக ஏற்று அழைத்துப் போகத் தெரிவது வேறு. காலையில் கலங்காத மனத்தோடு எழுதிய 'இரண்டு மணி' என்ற வரியே அன்று நம் ஆசிரியராக நின்றது. மணி ஒன்று ஐம்பது. திரும்பினோம்.

வந்த வழியே

முதியவரைக் கடக்கையில் தலையசைத்தார், நாமும் அசைத்தோம். இரண்டே முக்கால் மணிக்கு ஓம் கரையை அடைந்தோம். காலையில் நாம் நடந்த பாறைக்கூட்டத்தின் அடி நீருக்குள் இருந்தது. குழிகளில் காத்திருந்த மீன்கள் கடலுக்குத் திரும்பியிருக்கும். கடைக்கார அம்மாள் நம் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, கேளாமலே ஒரு செம்பு நன்னீர் கொண்டுவந்து ஊற்றினார். கடைக்குப் பின்னே இருந்த படிகளில் ஏறியதும் சைகை வந்தது. சரியாக மூன்று மணி.

"எங்கே அம்மா இருக்கீங்க?"

ஓம் கரையில், திரும்பிக்கொண்டிருக்கிறோம் என்றோம். கை சிராய்ந்ததையும் மறைக்காமல் சொன்னோம். சற்று மௌனம். பின்பு, "அஞ்சாவது கரை?" என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றோம். "அது இருப்பில் இருக்கட்டும் அம்மா. அடுத்த வருஷம் நானும் வர்றேன்" என்றாள்.

வரும்போது நம்மை ஒரு மணி நேரம் காய்ந்த செம்புராங்கல் மேடு, மாலை வெயிலில் குங்கும நிறம் கொண்டிருந்தது. ஐந்து இருபதுக்கு இராமர் கோயிலின் ஊற்றில் முகம் கழுவினோம். காலையில் பார்த்த நண்டுகளின் கோலங்கள் ஒன்றும் எஞ்சவில்லை. எழுதிவைத்த நாற்பது நிமிடக் கையிருப்பு அப்படியே இருந்தது. அதை இனிச் செலவழிக்கலாம்.

ஊர்க்கரையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று நின்றது. ஆசிரியை ஒருவர் முதுகைக் கடலுக்குக் காட்டியபடி அவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்காக நாம் கடலைப் பார்த்தோம் என்றே சொல்ல வேண்டும். ஆறு பத்துக்குக் கதிரவன் நீரைத் தொட்டு, தட்டையாகி, மறைந்தது. பேருந்தில் ஏறி அமர்ந்ததும் பழக்கம் விடவில்லை; எண்ணிக்கொண்டோம். ஒன்று. கணக்குச் சரியாக இருந்தது.

நடக்க விரும்புவோர் கவனத்திற்கு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்நடைக்கு ஏற்ற காலம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கடல் கொந்தளிக்கும். பாறை வழிகளைத் தவிர்க்க வேண்டும்.

கடல் ஏற்றம், வற்றம் பற்றிய அட்டவணைகளை இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இணையத்தில் வழங்குகிறது.

புறப்படும் முன் திரும்பும் நேரத்தை எழுதி, வீட்டார் ஒருவரிடம் கொடுங்கள். தங்கும் விடுதியிலும் செல்லும் வழியைச் சொல்லிவிட்டுச் செல்வது நலம்.

இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள காலணி, சிறு மருந்துப் பை, கைவிளக்கு, ஊதுகுழல் ஆகியவை போதும். தண்ணீரை ஒரே குப்பியில் கொண்டு செல்ல வேண்டாம். அந்தப் பாடத்தை நாம் விலை கொடுத்துக் கற்றோம்.

கைப்பேசிச் சைகை கிடைக்காத இடங்களில் மின்னணுப் பணப் பரிமாற்றம் நடவாது. நாள் செலவுக்கான தொகையைச் சிறு நோட்டுகளாக வைத்திருங்கள். வங்கி அட்டையையும் ரொக்கத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். கைப்பேசியின் திரைப்பூட்டும் வங்கிச் செயலியின் பூட்டும் இயங்குகின்றனவா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசர உதவிக்கு 112. கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554. இவ்விரு எண்களையும் கைப்பேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.